இதயமும் இரும்பும்: நாற்பது வருடச் சந்தேகம் ஒன்றின் கதை

1/
மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு மாரடைப்பு வருவது குறைவு. ஆண்களுக்கு நாற்பதுகளிலேயே வர ஆரம்பிக்கும் நோய், பெண்களுக்குச் சுமார் பத்து வருஷம் தள்ளி வருகிறது. ஏன்?

"ஈஸ்ட்ரோஜன் காப்பாத்துது" என்பதுதான் டாக்டர்கள் உட்பட எல்லோரும் சொல்லும் பதில்.

1981ல் ஜெரோம் சல்லிவன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் வேறு பதில் சொன்னார். பெண்களைக் காப்பது அவர்களிடம் இருக்கும் ஹார்மோன் இல்லை, மாதாமாதம் அவர்கள் இழக்கும் இரும்பு என்றார்.

இந்த ஒரு பதிலைச் சோதிக்க மருத்துவ உலகத்துக்கு நாற்பது வருஷம் பிடித்தது. அந்தக் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

2/
முதல்ல அடிப்படை. வளர்ந்த ஒருவர் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. ஒரு சின்ன ஆணியின் எடை.

அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் உட்கார்ந்து ஆக்சிஜன் சுமக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் பூட்டி, கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாக வைக்கப்பட்டிருக்கிறது.

ரத்தத்தில் ஃபெரிட்டின் எவ்வளவு என்று பார்த்தால் சேமிப்பு எவ்வளவு என்று ஓரளவு தெரியும். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. கதை முழுக்க வரும்.

3/
உப்பு கூடினால் சிறுநீரில் போய்விடும். தண்ணீர் கூடினாலும் அப்படியே. இரும்பு?

1930களில் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ராபர்ட் மெக்கான்ஸ் என்ற மருத்துவரும் எல்சி விட்டோசன் என்ற வேதியியல் ஆய்வாளரும் இதை அளந்து பார்த்தார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய் ஒன்று உண்டு. அன்றைக்கு அதற்கு, சிவப்பணுக்களை உடைக்கும் மருந்து கொடுப்பார்கள். அணுக்கள் உடைந்தால் அதிலுள்ள இரும்பு வெளியே வரணும் இல்லையா? அந்த நோயாளிகளின் சிறுநீர், மலம் எல்லாவற்றையும் சோதித்தார்கள்.

இரும்பு வெளியே போகவே இல்லை.

4/
1937ல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதன் சாரம் இதுதான்: வேண்டாத இரும்பை வெளியேற்ற உடம்பிடம் வழியே கிடையாது. குடலில், உள்ளே விடும் இடத்தில்தான் கட்டுப்பாடு. உள்ளே வந்தது வந்ததுதான்.

தோலும் குடலின் உட்படலமும் உதிர்வதில் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம் போகும். அதே அளவு சாப்பாட்டிலிருந்து உள்ளே வரும். அவ்வளவுதான் வரவு செலவு.

கணிசமான இரும்பு உடம்பை விட்டுப் போக ஒரே வழி, ரத்தம் போவது.

5/
இப்போ கணக்கைப் பாருங்க. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 - 40 மில்லி ரத்தம் போகிறது. அதாவது மாதம் 15 - 20 மில்லிகிராம் இரும்பு. இது போக கர்ப்பம், பிரசவம் என்று ஒவ்வொரு முறையும் சில நூறு மில்லிகிராம்.

விளைவு: நன்றாகச் சாப்பிடும் ஆண் ஒருவரிடம் 1 கிராம் அளவுக்கு இரும்பு சேமிப்பில் இருக்கும்போது, அதே வயதுப் பெண்ணிடம் 300 மில்லிகிராம் இருந்தாலே பெரிய விஷயம்.

ஆண்களின் சேமிப்பு இருபது வயதிலிருந்தே ஏறுகிறது. பெண்களின் சேமிப்பு மெனோபாஸ் வரை தரையோடு கிடந்து, அதன் பிறகு ஏறுகிறது. மாரடைப்பு வரைபடமும் ஏறக்குறைய இதே போலத்தான் ஏறும். சல்லிவன் பிடித்துக்கொண்ட புள்ளி இதுதான்.

6/
சரி, இரும்பு நல்லதுதானே, கூட இருந்தால் என்ன கெட்டுப்போச்சு?

கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894ல் எழுதிய ஒரு வினை இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடோடு கட்டற்ற இரும்பு சேர்ந்தால், கண்ணில் பட்டதையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யும் மூர்க்கமான பொருள் உண்டாகும். நம் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு எப்போதும் கொஞ்சம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் உடம்பு இரும்பைத் தனியாக அலைய விடுவதில்லை. எப்போதும் ஏதாவது ஒரு புரதத்தின் கையில் பிடித்துக்கொடுத்தே அனுப்புகிறது. அந்தப் பிடி போதாமல் போகும் அளவுக்கு இரும்பு சேர்ந்தால், செல் உள்ளிருந்தே சேதமாகிறது.

7/
இது வெறும் தியரி இல்லை. கூடுதல் இரும்பு இதயத்தைக் கொல்லும் என்பதற்குச் சாட்சி தலசீமியா குழந்தைகள்.

1925ல் டெட்ராய்ட் நகரின் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி விவரித்த நோய் இது. அப்பா அம்மா இருவரும் கேரியராக இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாது. ரத்தம் ஏற்றினால்தான் உயிர்.

ரத்தம் ஏற்ற ஆரம்பித்ததும் குழந்தைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு பதின்ம வயதில் இதயம் செயலிழந்து இறந்தார்கள்.

8/
காரணம் நாம் மேலே பார்த்த அதே கணக்கு. ஒரு யூனிட் ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. மாதம் இரண்டு யூனிட் என்றால் வருஷத்துக்குச் சுமார் 5 கிராம். உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இருக்கும் மொத்த இரும்பைவிட அதிகம், ஒரே வருஷத்தில்! வெளியே போக வழியும் இல்லை.

1964ல் நியூயார்க்கின் குழந்தை இதய மருத்துவர் மேரி ஆலன் எங்கிள் இந்தக் குழந்தைகளின் இதயங்களைப் பற்றி விரிவாக எழுதினார். இதயம் ஒருமுறை செயலிழக்க ஆரம்பித்துவிட்டால், பெரும்பாலானோர் சில மாதங்களில் போய்விட்டார்கள். உயிர் கொடுத்த ரத்தமே அவர்களின் இதயத்தையும் எடுத்துக்கொண்டது.

9/
1960ல் சுவிட்சர்லாந்தில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து டெஸ்ஃபெரியாக்சமின் என்ற மருந்து பிறந்தது. இரும்பைக் கட்டிப்பிடித்துச் சிறுநீரில் கொண்டுபோகும். ஆனால் வாயால் சாப்பிட முடியாது. 1970களில் ஒரு சின்ன பம்ப் வந்தது. வயிற்றுத் தோலில் ஊசியைக் குத்திக்கொண்டு இரவு 8 - 12 மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு இரவுகள். வாழ்நாள் முழுக்க.

எத்தனை பதின்ம வயதுப் பிள்ளைகள் இதைத் தினமும் செய்வார்கள்? செய்தவர்கள் வாழ்ந்தார்கள். செய்ய முடியாதவர்கள் பலர் வாழவில்லை.

பிறகு மாத்திரை வந்தது. டெஃபெரிப்ரோன். உலகிலேயே முதலில் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது 1990களின் நடுவில், இந்தியாவில்.

10/
2001ல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் டட்லி பென்னெல் குழு, இதயத் தசையில் உள்ள இரும்பை எம்ஆர்ஐ மூலம் அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. டி2 ஸ்டார் என்று பெயர்.

அதில் ஒரு அதிர்ச்சி. கல்லீரலில் இரும்பு குறைவாக இருப்பவரின் இதயத்தில் இரும்பு கொட்டிக் கிடக்கலாம். ஃபெரிட்டின் அளவு திருப்தியாக இருப்பவரின் இதயமும் ஆபத்தில் இருக்கலாம். அதுவரை டாக்டர்கள் கல்லீரலையும் ஃபெரிட்டினையும் பார்த்துத்தான் இதயத்தை ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

இதயத்தையே நேரடியாகப் பார்த்து மருந்தை மாற்ற ஆரம்பித்ததும், பிரிட்டனில் தலசீமியா நோயாளிகளின் இதய மரணங்கள் பெருமளவு குறைந்தன. மொத்தம் எவ்வளவு இரும்பு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். இந்தப் பாடம் பின்னாடி மறுபடி வரும்.

11/
ஒரு முக்கியமான வித்தியாசம். தலசீமியாவில் இரும்பு சேதப்படுத்துவது இதயத் தசையை, இதயத் துடிப்பின் மின்சார ஒழுங்கை. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்ளும் மாரடைப்பு வேறு.

ஆக, மலையளவு இரும்பு இதயத் தசையைக் கெடுக்கும் என்பது நிரூபணமான உண்மை. சல்லிவன் கேட்டது வேறு கேள்வி: ரத்தமே ஏற்றாத, சாதாரணமாகச் சாப்பிட்டுத் திரியும் ஓர் ஆணிடம் இருக்கும் அந்த 1 கிராம் சேமிப்பு, ரத்தக்குழாய் அடைப்பை உண்டாக்குமா?

12/
அவருக்குச் சாட்சி கொடுத்தது ஃப்ராமிங்ஹாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறு நகரம். 1948 முதல் அந்த ஊர் மக்களின் இதயங்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஊர் கொடுத்தது.

1976ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: 24 வருஷம் கவனிக்கப்பட்ட 2,873 பெண்களில், மாதவிடாய் நிற்காத ஒருவருக்குக்கூட மாரடைப்பு வரவில்லை.

அடுத்து வந்ததுதான் புதிர். கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்களுக்கு இதய நோய் கூடியது. சினைப்பைகளை விட்டுவைத்திருந்தாலும் கூடியது.

13/
யோசிச்சுப் பாருங்க. ஈஸ்ட்ரோஜன் சுரப்பது சினைப்பை. அது உள்ளேயே இருக்கிறது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் நிற்பது மாதாந்திர ரத்தப்போக்கு. அப்படியும் ஆபத்து ஏறுகிறது என்றால், காப்பாற்றியது ஈஸ்ட்ரோஜனா, ரத்தப்போக்கா?

1981 ஜூன் மாதம் லான்செட்டில் சல்லிவன் கேட்டது இதைத்தான். இரண்டே பக்கம். புதிய பரிசோதனை எதுவும் இல்லை. ஏற்கெனவே எல்லோர் கண் முன்னாலும் இருந்த தகவல்களை வேறு வரிசையில் அடுக்கினார்.

அதிலிருந்து வந்த யோசனையும் துணிச்சலானது: ஆண்கள் அவ்வப்போது ரத்தம் கொடுத்து இரும்பைக் குறைத்தால் மாரடைப்பைத் தடுக்கலாம்.

14/
பத்து வருஷம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அது கொலஸ்ட்ராலின் காலம்.

ஆனால் அந்தக் கொலஸ்ட்ரால் ஆராய்ச்சியே சல்லிவனுக்கு உதவியது. எல்டிஎல் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கூடுதலாகக் கெடுக்கும், அப்படிக் கெட்ட கொழுப்பைத்தான் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் துப்புரவுச் செல்கள் விழுங்கி வீங்குகின்றன என்ற கருத்து 1980களில் வலுத்தது. ஆய்வகக் குடுவையில் எல்டிஎல்லை ஆக்சிஜனேற்றம் செய்ய என்ன போட்டார்கள் தெரியுமா? தாமிரம் அல்லது இரும்பு.

அதாவது, இரும்பால் இந்த வேலையைச் செய்ய முடியும். உடம்புக்குள் செய்கிறதா என்பது மட்டும்தான் மிச்சமிருந்த கேள்வி.

15/
1992ல் பதில் வந்த மாதிரி இருந்தது. ஃபின்லாந்திலிருந்து.

கிழக்கு ஃபின்லாந்து ஆண்கள் அன்றைக்கு உலகிலேயே அதிகமாக மாரடைப்பில் செத்தவர்களில் இருந்தார்கள். குவோப்பியோ நகரைச் சுற்றி 1,931 ஆண்களை யுக்கா சலோனன் குழு சராசரியாக மூன்று வருஷம் கவனித்தது. 51 பேருக்கு மாரடைப்பு. ஃபெரிட்டின் 200க்கு மேல் இருந்தவர்களுக்கு ஆபத்து 2.2 மடங்கு. எல்டிஎல்லும் கூடவே இருந்தால் இன்னும் அதிகம்.

உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி. இரும்புச்சத்து சேர்த்த உணவுகளைப் பார்த்து மக்கள் பயந்தார்கள். சல்லிவன் ஒரே நாளில் தீர்க்கதரிசி ஆனார்.

16/
ஆனால் மருத்துவத்தில் ஒரு ஆய்வு என்பது ஒரு ஆய்வுதான். மற்றவர்கள் அதையே தேடிப் பார்க்கும்போது கிடைக்கணும்.

1994ல் அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்ட ஆண், பெண்களைப் பார்த்தார்கள். இரும்புக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. 1999ல் 12 ஆய்வுகளை, மொத்தம் 7,800 இதய நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஃபெரிட்டின் 200க்கு மேல் இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

ஃபின்லாந்தில் தெரிந்தது ஏன் மற்ற இடத்தில் தெரியவில்லை?

17/
ஒரு காரணம், ஃபெரிட்டின் ஒரு நாணயமில்லாத சாட்சி.

இரும்பு கூடினால் ஃபெரிட்டின் ஏறும். காய்ச்சல் வந்தாலும் ஏறும். கல்லீரலில் கொழுப்பு படிந்தாலும், குடி அதிகமானாலும், தொப்பை, சர்க்கரை நோய், உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். இதில் பல, தாமே மாரடைப்பைக் கொண்டுவருபவை. அப்போ ஃபெரிட்டின் அதிகமாக இருக்கும் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், இரும்பைக் குறை சொல்வதா, தொப்பையைக் குறை சொல்வதா?

கோவிட் காலத்தில் பலருக்கு ஃபெரிட்டின் ஆயிரத்தைத் தாண்டியது ஞாபகம் இருக்கா? அவர்களெல்லாம் இரும்பு சாப்பிட்டதால் இல்லை.

18/
"சரி, ரத்த தானம் செய்தவர்களைப் பார்ப்போமே" என்று அதே ஃபின்லாந்து குழு கிளம்பியது. 1998ல் வந்த முடிவு: முந்தைய இரண்டு வருஷத்தில் ரத்தம் கொடுத்திருந்த 153 ஆண்களில் ஒரே ஒருவருக்கு மாரடைப்பு. கொடுக்காத 2,529 பேரில் 316 பேருக்கு.

பார்த்தால் அசந்துபோவோம். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றும் "ரத்த தானம் செய்தால் மாரடைப்பு 88 சதவீதம் வராது" என்பதன் ஊற்று இந்த ஆய்வுதான்.

ஆனால் ரத்தம் கொடுக்க யார் போவார்கள்? ஆரோக்கியமானவர்கள். இதய நோய் இருந்தால் ரத்த வங்கியே திருப்பி அனுப்பிவிடும். தானம் செய்ததால் ஆரோக்கியமா, ஆரோக்கியமாக இருந்ததால் தானமா?

2001ல் அமெரிக்காவில் 38,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்தபோது, முப்பது தடவைக்கு மேல் ரத்தம் கொடுத்தவர்களுக்குக்கூட மாரடைப்பு குறையவில்லை.

19/
சல்லிவனுக்கு இன்னொரு பெரிய சங்கடம் இருந்தது. ஹீமோக்ரோமட்டோசிஸ்.

வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் பரம்பரை நோய் இது. நம் ஊரில் அந்த மரபணு மாற்றம் மிக மிக அரிது. இவர்களின் குடல் வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். வாழ்நாள் முழுக்க இரும்பு சேர்ந்துகொண்டே போகும். கல்லீரல் சுருங்கும், சர்க்கரை நோய் வரும், தோல் வெண்கல நிறமாகும், இதயத் தசையும் கெடும்.

சல்லிவன் சொன்னது சரி என்றால் இவர்களின் ரத்தக்குழாய்கள் சீக்கிரமே அடைத்திருக்க வேண்டும். 1994ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இறந்தவர்களின் உடற்கூறாய்வுப் பதிவுகளைப் புரட்டினார்கள். அடைப்பு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது!

20/
இதற்கு ஒரு விளக்கம் 2000க்குப் பிறகு கிடைத்தது. ஹெப்சிடின்.

கல்லீரல் சுரக்கும் ஒரு சின்ன ஹார்மோன். உடம்பின் இரும்புக்கு வாட்ச்மேன் இதுதான். ஹெப்சிடின் கூடினால் குடல் இரும்பை உள்ளே விடாது, துப்புரவுச் செல்களும் தம் கையிலுள்ள இரும்பை வெளியே விடாது. ஹெப்சிடின் குறைந்தால் இரண்டு கதவும் திறந்துகொள்ளும்.

ஹீமோக்ரோமட்டோசிஸில் ஹெப்சிடின் குறைவு. எனவே கல்லீரல் நிறைய இரும்பு, ஆனால் துப்புரவுச் செல்களில் இரும்பு இல்லை. ரத்தக்குழாய் அடைப்பு உருவாவது அந்தத் துப்புரவுச் செல்களை வைத்துத்தானே? சல்லிவனும் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டார்.

தலசீமியாவில் பார்த்த அதே பாடம். எவ்வளவு என்பதல்ல, எங்கே என்பது. ஆனால் ஒன்று: இது பொருத்தமான விளக்கம், நிரூபணம் இல்லை.

21/
நிரூபணத்துக்கு ஒரே வழி. ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ரத்தத்தை எடுத்து இரும்பைக் குறைத்து, யார் பிழைக்கிறார்கள் என்று பார்ப்பது. அதைச் செய்தவர் லியோ சகார்ஸ்கி.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 24 மருத்துவமனைகள். காலில் ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 1,277 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டு ரத்தம் எடுத்தார்கள். 1999ல் தொடங்கி 2005 வரை.

முடிவு 2007ல் வந்தது. ரத்தம் எடுக்காத குழுவில் 148 மரணம். எடுத்த குழுவில் 125.

22/
குறைவுதானே என்று தோன்றும். ஆனால் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. புள்ளியியல் கணக்கில் பாஸ் ஆகவில்லை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சேர்த்துப் பார்த்தபோதும் அதே கதை.

வயது குறைந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பலன் இருப்பதாகத் தெரிந்தது. முதியவர்களுக்கு அடைப்பு முற்றிவிட்டது, ரொம்ப லேட்டாக ஆரம்பித்துவிட்டோம் என்று இரும்புக் கட்சி சொன்னது. இருக்கலாம். ஆனால் தோற்ற ஆய்வைத் துண்டு துண்டாக வெட்டினால் ஏதாவது ஒரு துண்டில் ஜெயித்த மாதிரித் தெரியும். அதைப் புதிதாக ஒரு ஆய்வு செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும்.

23/
அப்போ ஈஸ்ட்ரோஜன்தான் ஜெயிச்சுதா? அதுவும் இல்லை!

அதே காலத்தில் அதையும் சோதித்தார்கள். 1998ல், ஏற்கெனவே இதய நோய் உள்ள 2,763 பெண்களிடம் ஹார்மோன் மாத்திரை பலன் தரவில்லை. 2002ல், மெனோபாஸ் தாண்டிய 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்று கூடியது, மாரடைப்பும் குறைவதற்குப் பதில் கூடியது.

இதயத்தைக் காக்கும் என்று நம்பி எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்கில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள். மாத்திரையில் இருப்பதும் சினைப்பை சுரப்பதும் ஒன்றில்லை, ஆரம்பித்த வயதும் முக்கியம் என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆனால் "பெண்ணைக் காப்பது ஈஸ்ட்ரோஜன், அவ்வளவுதான்" என்ற பழைய நிச்சயம் அன்றோடு போனது.

24/
மரபணுவை வைத்தும் பார்த்தார்கள். பிறவியிலேயே சிலருக்கு இரும்பு சற்றுக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் இருக்கும்படி மரபணு அமைகிறது. இது குலுக்கல் சீட்டு மாதிரி. தொப்பையோ குடியோ இதில் குழப்பாது.

லண்டன் இம்பீரியல் காலேஜ் குழு 2017ல் கண்டது: பிறவியிலேயே இரும்பு சற்றுக் கூடுதலாக இருப்பவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் குறைவு. ஆமாம், குறைவு. 2018ல் அதே முறையில் பக்கவாதத்தைப் பார்த்தார்கள். அது கூடுதல். முக்கியமாக, இதயத்திலிருந்து ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போகும் வகை.

ஒரே இரும்பு, ஒரே உடம்பு, ஒரு நோய்க்கு ஒரு திசை, இன்னொன்றுக்கு எதிர்த்திசை. இரண்டே பக்கத்தில் 1981ல் எழுதப்பட்ட அழகான கதைக்குள் இது அடங்காது.

25/
கடைசித் திருப்பம். பம்ப் பண்ணும் சக்தி குறைந்த இதயம், அதாவது ஹார்ட் ஃபெயிலியர். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரும்பு பற்றாக்குறை இருக்கிறது. ரத்தசோகை இல்லாதவர்களுக்கும்கூட.

2009ல் 459 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இரும்பை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றியபோது மூச்சுத்திணறல் குறைந்தது, நடக்கும் தூரம் கூடியது. 2017ல் அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. இன்றைக்கு ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கு இரும்பு அளவைப் பார்ப்பது வழக்கமான சிகிச்சையில் ஒரு பகுதி.

இதயத்தின் எதிரி என்று சந்தேகிக்கப்பட்ட அதே பொருளை, இன்று இதய நோயாளிக்கு நரம்பில் ஏற்றுகிறோம்.

26/
இந்த வரலாற்றிலிருந்து நமக்கு என்ன?

ஒன்று: ரத்தசோகைக்கு டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையை "இதயத்துக்குக் கெடுதல்" என்று பயந்து நிறுத்தாதீர்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் (2019 - 21) கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் வீடுகளின் பிரச்சினை இரும்பு கூடுதல் இல்லை, குறைவு. கர்ப்பிணிகள் கண்டிப்பாகச் சாப்பிடணும்.

27/
இரண்டு: அதே சமயம், "சோர்வா இருக்கு" என்று நீங்களாகவே கடையில் வாங்கி வருஷக்கணக்கில் இரும்பு சாப்பிடாதீர்கள். வெளியே போக வழியில்லாத பொருள் இது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது இன்னும் பொருந்தும். அவர்களுக்கு இரும்பு குறைகிறது என்றால், ரத்தம் எங்கே கசிகிறது என்று முதலில் தேடணும். வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், குடல் புற்றாகவும் இருக்கலாம்.

மூன்று: எவ்வளவு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? தலசீமியா கேரியரா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கேரியருக்கு இரும்பு குறையாமலே ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருக்கும். கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொண்டால், அடுத்த தலைமுறையில் ஒரு குழந்தை மாதாமாதம் ரத்தம் ஏற்றும் நிலையைத் தவிர்க்கலாம்.

28/
நான்கு: மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஃபெரிட்டின் அதிகம் என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை, குடி அல்லது ஏதோ ஒரு அழற்சியின் அடையாளம். டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் உண்மையிலேயே இரும்பு கூடுதலா என்று சொல்ல முடியும்.

ஐந்து: ரத்த தானம் செய்யுங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். உங்கள் மாரடைப்பு குறையும் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் மேலே சொன்ன தலசீமியா குழந்தைக்கு இந்த மாதம் தேவையான யூனிட் அதிலிருந்துதான் வரணும்.

29/
ஆறு, எல்லாவற்றையும்விட முக்கியம். பெண்களைக் காப்பது ஈஸ்ட்ரோஜனா, இரும்புக் குறைவா, இரண்டுமா, வேறு எதுவுமா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுமையானது இல்லை என்பது முடிவான விஷயம். ஃப்ராமிங்ஹாமில் மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு மாரடைப்பு வராமல் இருந்தது அரை நூற்றாண்டுக்கு முன்னால், வேறு ஊரில். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகை என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும்.

38 வயதுப் பெண்ணுக்கு நெஞ்சில் பாரம், தாடை வலி, வியர்வை, மூச்சு வாங்குகிறது என்றால், "இன்னும் பீரியட்ஸ் வருது, மாரடைப்பா இருக்காது, கேஸ் பிரச்சினைதான்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஒரு ஈசிஜி எடுங்கள்.

வீட்டிலுள்ள பெண்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். ஆண்களுக்கும்தான், கூட்டிப்போக வேண்டியவர்கள் பல வீடுகளில் அவர்கள்தானே.